வீட்டுக்காது

திரையில் ‘மூச்சு, இருவர்’ என்று எழுத்து விழுந்தபோது அந்த உள்ளறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இலவச மென்பொருள்களோடு வருஷக்கணக்காக மாரடித்தவள் அவள். நாயின் படத்தைக் காட்டினால் பூனை என்று அடம்பிடிப்பது, பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு ‘நீங்கள் இன்னும் பிறக்கவில்லை’ என்று சொல்வது, மூடிய பிறகும் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருப்பது என்று எத்தனையோ கோணங்கித்தனங்களைப் பார்த்தாயிற்று. அவற்றில் எது உருப்படியானது, எது உதவாதது, எதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, எது அநாதையாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் இணையப் பட்டியல் அது. காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். என்ன செய்யும், யார் எழுதியது, கடைசியாக வந்த பதிப்பு எது, எங்கே கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். தினமும் காலையில் ஒரு நிரல் எல்லா இணைப்புகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, செத்துப்போனதைச் சிவப்பிலும் புதுப் பதிப்பு வந்ததைப் பச்சையிலும் காட்டும். சிவப்பை நீக்குவாள். பச்சையைச் சோதிப்பாள். அதற்கென்றே ஒரு பழைய லேப்டாப் வைத்திருந்தாள். தன் கையால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் எதையும் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று குறிக்க மாட்டாள்.

அன்று பச்சையில் வந்த ஒன்று, ‘வீட்டுக்காது’.

காது கேளாதவர்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள். வீட்டில் எழும் சத்தங்களைக் கேட்டு அவற்றை எழுத்தில் காட்டும். கதவு தட்டப்படுகிறது. தண்ணீர் ஓடுகிறது. பெண் குரல், உள்ளறையிலிருந்து. பேச்சாக இருந்தால் பேசியதையும் அப்படியே எழுதும். காது கேளாத தன் அம்மாவுக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதியது. நல்ல மனிதர். ஏதாவது கேட்டு மின்னஞ்சல் போட்டால் அன்றைக்கே பதில் வரும். அவர் இறந்துபோன செய்தியை அவருடைய தங்கைதான் தொலைபேசியில் சொன்னாள். அன்றைக்கே பக்கத்தின் அடியில் ‘எழுதியவர் காலமானார், இனிப் புதுப் பதிப்பு வராது’ என்று சேர்த்தாள்.

இப்போது புதுப் பதிப்பு வந்திருக்கிறது. யாரோ எடுத்து நடத்துகிறார்கள் என்று நினைத்தாள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம் என்பதுதானே இந்த உலகத்தின் அழகு. ‘மெல்லிய ஒலிகளும் இனித் தப்பாது. வீட்டில் இருப்பவர்களைத் தானாகவே அறிந்துகொள்ளும்’ என்று இரண்டே வரிகளில் மாற்றங்களைச் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் பெயர் மட்டும் காலியாக இருந்தது. பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் ஓட்டிப் பார்த்தபோது துல்லியம் ஆளை அசத்தியது. கீழே பூட்டிக் கிடந்த கடையில் எலி ஓடியதைக்கூடச் சொன்னது. சந்தோஷமாகப் பக்கத்தைத் திருத்தி, அந்தப் பழைய சோக வரியை எடுத்துவிட்டு, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டாள். லேப்டாப் மட்டும் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயந்தர வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அந்த வரியைப் பார்த்தாள்.

மூச்சு, இருவர்.

எதிரொலியாக இருக்கும். தன் மூச்சே சுவரில் பட்டுத் திரும்புவதை இது இரண்டாக எண்ணுகிறது. மின்விசிறியை நிறுத்தினாள். அதன் இறக்கைகள் சோம்பலாகச் சுற்றி நின்றன. ஜன்னலைச் சாத்தினாள். தெருவின் வண்டிச் சத்தம் போர்வைக்குள் போனதுபோல் அமுங்கியது. அறையில் தூசியும் சூடான மின்கம்பியும் கலந்த அந்தப் பழகிய வாசனை. சுவரில் அலமாரியின் நிழல், நாற்காலியின் நிழல், அவளுடைய நிழல். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தன் மூச்சை அடக்கிப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும் என்று தோன்றியது. எதிரொலி என்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். வாயை மூடி, மூக்கையும் விரலால் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

மூச்சு, ஒருவர்.

நெஞ்சு முட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். வரி மாறவில்லை. மூச்சை விட்டதும் மறுபடி ‘இருவர்’ ஆனது.

லேப்டாப்பை அப்படியே திறந்தபடி தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பு மேடையில் வைத்தாள். குழாயிலிருந்து சொட்டும் நீரை அது எழுதியது. குளிர்பெட்டியின் முனகலை எழுதியது. மூச்சு, ஒருவர். அப்பாடா என்றிருந்தது. உள்ளறையில் ஏதோ குழாய், ஏதோ சந்து, காற்று புகுந்து புறப்படுகிறது. அவ்வளவுதான். மேடையில் சாய்ந்துகொண்டு தன்னைத் தானே கேலி செய்துகொள்ளத் தொடங்கியபோது புது வரி ஒன்று வந்தது.

காலடி, நடைவழியில்.

அவள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகக் கேட்கும் காதுதான் அவளுடையது. நடைவழி அங்கிருந்தே தெரிந்தது. செருப்பு அடுக்கும் பலகை. சுவர். ஒன்றுமில்லை.

காலடி, சமையலறையில்.

மூச்சு, இருவர்.

லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

*

வீட்டுக்காது அவளுக்குப் பட்டியலில் ஒரு பக்கம் மட்டும் அல்ல. அவள் கணவருக்கு அதுதான் காதே. கப்பல்களின் இயந்திர அறையில் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர் அவர். இயந்திர இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் செவியைத் தின்றுவிட்டது. கப்பலில் கடைசிவரை உதவி மெக்கானிக்காகவே இருந்தவருக்குக் கரையேறிய பிறகு அவள் பதவி உயர்வு கொடுத்து ‘சீஃப்’ என்று பெயர் வைத்தாள். பதிலுக்கு அவர் அவளை ‘எடிட்டர்’ ஆக்கினார். முன்னறையில் சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில் உட்கார்ந்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். கண்ணுக்கு நேராகச் சுவரில் டேப்லெட் மாட்டியிருக்கும். வாசலிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. அவள் உள்ளறையில் இருந்துகொண்டே பேசுவாள். டேப்லெட்டில் வரி விழும். கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், வேண்டியதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் அவர் பதில் சொல்வார். முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலே சண்டையும் போட்டு சமாதானமும் ஆகிவிட அவர்களுக்கு அது போதும்.

அன்று ஒரு மோட்டாரைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு அவர் திரும்பியபோது, அவள் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன எடிட்டர், வீட்ல கல்யாணமா? இவ்வளவு வெளிச்சம்.”

சொல்லலாமா என்று வாயெடுத்தாள். வார்த்தையாக்கிப் பார்த்தபோது அவளுக்கே அபத்தமாக இருந்தது. உதட்டசைவை அவர் படிக்கும்படி மெதுவாக, “சும்மாதான், பசிக்குதா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சில நாட்கள் அவள் அந்தப் பழைய லேப்டாப்பைத் தொடவே இல்லை. வேலைக்கு மட்டும் குறைவில்லை. படம் வரையும் மென்பொருள் ஒன்றுக்கு உரிமம் மாறியிருந்தது. எழுத்துருத் தொகுப்பு ஒன்றின் தளம் சூதாட்டக்காரர்கள் கைக்குப் போயிருந்தது. திருத்தினாள், நீக்கினாள், சேர்த்தாள். முன்னறையிலிருந்து சீஃபின் குரல் வழக்கம்போல் அவ்வப்போது உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மேசையில் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“டேப்லெட்ல வந்த புதுசு பிரமாதம். முந்தியெல்லாம் ‘பெண் குரல்’னுதான் போடும். இப்ப ‘மனைவி’ன்னு போடுது. யாருன்னு அதுக்கே தெரியுது பாரேன்.”

அவள் கை தட்டில் நின்றது. பட்டியலில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விழுந்தால் அதை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அறிவிப்பு போகும். ஒரு பொத்தானைத் தொட்டால் புதுப் பதிப்பு இறங்கிவிடும். அவர் தொட்டிருக்கிறார். அவள் குறித்தது என்பதால் நம்பித் தொட்டிருக்கிறார்.

“அது மட்டுமா, நீ இப்பல்லாம் நல்லாவே பேசுற. முந்தி நான் நாலு கேட்டா நீ ஒண்ணு சொல்லுவ. வேலை, வேலைம்ப. இப்பத்தான் மனுஷன்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு.” சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். “நேத்து சாயந்தரம் என் கப்பல் கதையெல்லாம் கேட்டியே. அந்தப் புயல்ல நான் அழுதத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

நேற்று சாயந்தரம் அவள் வீட்டில் இல்லை. பல் வைத்தியரிடம் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணருகே கம்பியைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், தொந்தரவு செய்ய வேண்டாமே என்று சத்தமில்லாமல் கிளம்பிவிட்டாள். சத்தமில்லாமல். காது கேளாதவரிடம் போய்.

“நேத்து நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டாள்.

“எப்ப?”

“நீங்க அழுதத சொன்னப்ப.”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “இனிமே நான் இருக்கேன்ல, அப்படின்னு சொன்ன.”

தட்டை ஒதுக்கினாள். எழுந்து போய் டேப்லெட்டைச் சுவரிலிருந்து கழற்றினாள். அவர் பின்னாலேயே வந்தார்.

“அதை எதுக்கு எடுக்கிற?”

“இதுல கோளாறு இருக்கு. தப்புத் தப்பா எழுதுது. அழிக்கணும்.”

“அழிக்கவா?” அவர் குரல் இறங்கியது. காது போன பிறகு அவர் குரல் இறங்கி அவள் கேட்டதே இல்லை. “அது இல்லைன்னா நான் சுவத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரு மரக்கட்டை. தெரியும்ல உனக்கு.”

தெரியும். காது போன புதிதில் அவர் எப்படி இருந்தார் என்பது அவளுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க ஜன்னலோரம். கூப்பிட்டால் திரும்பாத முதுகு. அதனால் அழிக்கவில்லை. புதியதை எடுத்துவிட்டு, தன்னிடம் இருந்த பழைய பதிப்பை ஏற்றிக் கொடுத்தாள். “பெண் குரல், அருகில்: இப்ப சரியா?” என்று டேப்லெட் எழுதியது. அவர் படித்துவிட்டு, “மறுபடியும் வெறும் பெண் ஆயிட்ட” என்றார். அந்தக் கேலிக்கு அவளால் சிரிக்க முடிந்தது.

பட்டியலில் அந்தப் பக்கத்தையும் மறைத்து வைத்தாள். இறந்தவரின் தங்கைக்கு மின்னஞ்சல் போட்டாள். ‘வீட்டுக்காதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவசரமாகப் பேச வேண்டும்.’

*

மாதத்துக்கு ஒரு முறை அலுவலகத்துக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். பொறுப்பாளருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘கமா’. மென்பொருள் தீப்பிடித்து எரிந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது அதன் பக்கத்தில் விட்டுப்போன காற்புள்ளி மட்டும்தான். கிளம்பும் முன் அவள் சீஃபின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று, “ஆபீஸ் போறேன், இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்” என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் கட்டைவிரலைக் காட்டினார்.

அலுவலகத்தில் வேலை முடியும் நேரத்தில் கைபேசி அடித்தது. அந்தத் தங்கை.

“உங்க மெயில இன்னிக்குத்தான் பார்த்தேன்” என்றாள். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் மெதுவாகப் பேசினாள். “புதுசு நாங்க யாரும் போடலங்க. அண்ணனோட கம்ப்யூட்டரை யாரும் திறந்துகூடப் பார்க்கல.”

“அப்ப யாரு?”

“தெரியல.” என்றாள் தங்கை. “நான் இப்ப வெளிய தங்கியிருக்கேங்க. அம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறாங்க.”

“ஏன்?”

“அவங்களுக்குப் பார்வையும் மங்கிடுச்சு. அந்தப் பெரிய எழுத்துதான் எல்லாம். நான் கதவத் தட்டிக் கூப்பிட்டா அதுல வேற யாரோன்னு வருதாம். ‘என் பொண்ணு உள்ளதான் இருக்கா, நீ யாரு’ன்னு கேட்கிறாங்க.”

“பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தீங்களா?”

“அங்க இருந்தப்பவே போட்டேன். அது தானாவே புதுசாயிடுது. பழசாவே வச்சிருக்க முடியலங்க.” அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “உங்க வீட்ல யாராவது அத வச்சிருக்காங்களா?”

பதில் சொல்லாமல் துண்டித்தாள். அதற்காகப் பிற்பாடு வருத்தப்படும் அவகாசம்கூட அவளுக்கு இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது பக்கத்து அறையிலிருந்து கமா எட்டிப் பார்த்தார்.

“மேடம், அந்த வீட்டுக்காது பக்கத்துல ‘வீட்டில்’க்கு அப்புறம் ஒரு கமா வேணும்.”

“அந்தப் பக்கத்தை மறைச்சு வச்சிருக்கேன் சார்.”

“வச்சிருந்தீங்க. மத்தியானம் நீங்களே திறந்துட்டீங்களே. விளக்கம்கூடப் புதுசா எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு, கமா மட்டும்தான்.”

“நான் மத்தியானத்துலேர்ந்து இங்கதான் சார் உக்காந்திருக்கேன்.”

அவர் தன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து, உங்க கணக்குலதான் வந்திருக்கு.”

அவள் வந்து குனிந்து பார்த்தாள். அவள் எழுதுவதுபோலவே இருந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள், மிகையில்லாத சொற்கள். ‘வீட்டில் யார் இருக்கிறார் என்பது இதற்குத் தெரியும். நானே பயன்படுத்திப் பார்த்தேன்.’ பக்கத்தின் ஓரத்தில், எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண் அவள் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது.

அங்கேயே நின்று அந்தப் பக்கத்தை அடியோடு அழித்தாள். உறுதியா என்று கேட்டது. ஆம். ஒரு கணம் வெற்றுத் திரை. பிறகு பக்கம் அதே இடத்தில் திரும்ப வந்து நின்றது. அந்தக் காற்புள்ளியும் இப்போது சேர்ந்திருந்தது.

“பாருங்க, போட்டுட்டீங்க” என்றார் கமா.

படிகளில் இறங்கிக்கொண்டே சீஃபுக்குச் செய்தி அனுப்பினாள். அழைத்துப் பயனில்லை, அவருக்குக் கேட்காது. எழுதினால் கைபேசி அதிரும், எடுத்துப் பார்ப்பார். ‘உடனே வெளிய வந்து தெருவுல நில்லுங்க. டேப்லெட்டைத் தொடாதீங்க. நான் வந்துட்டிருக்கேன்.’

வண்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது.

‘எங்கேருந்து வர்ற? உள்ள ரூம்லதானே இருக்க. அங்கேருந்து எதுக்கு மெசேஜ்?’

அவசர அவசரமாக எழுதினாள். ‘நான் வீட்ல இல்ல. ஆபீஸ் போறேன்னு சொன்னேனே. அது நான் இல்ல.’

கொஞ்ச நேரம் கழித்து:

‘சீக்கிரமே வந்துட்டேன்னு நீதானே சொன்ன. விளையாடாத எடிட்டர். கையில வார்னிஷ்.’

அதற்குப் பிறகு அவள் அனுப்பிய எதையும் அவர் திறக்கவில்லை.

*

தெரு முனையிலேயே இறங்கி ஓடினாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் விளக்கு எரிந்தது. யாரோ நாய்க்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒருவர் மணியடித்து வழி கேட்டார். எல்லாம் வழக்கம்போல் இருந்தது. பூட்டிய கடைக்குப் பக்கத்தில் தங்கள் வீட்டு மாடிப்படி. கைப்பிடிச் சுவர் சில்லென்று இருந்தது. மேலே ஏற ஏற ஒரு வாசனை. மோட்டாருக்குப் பூசும் வார்னிஷ், அது தினமும் இருப்பதுதான். அதனோடு இன்னொன்று. ஈரத்தலை. அவள் போட்டுக் குளிக்கும் சோப்பு. இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்ததுபோல்.

கதவு திறந்திருந்தது.

முன்னறையில் விளக்கு போடவில்லை. இருட்டுவதுகூடத் தெரியாமல் வேலை பார்ப்பது அவர் வழக்கம். மேசைமேல் வளைத்து வைத்த சின்ன விளக்கின் வட்டத்துக்குள் அவருடைய கைகள், செப்புக் கம்பி, மோட்டாரின் திறந்த வயிறு. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் டேப்லெட் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது.

‘மனைவி, உள்ளறையிலிருந்து: அப்புறம் என்ன ஆச்சு?’

“அப்புறம் என்ன,” என்று உரக்கச் சொன்னார் சீஃப், கம்பியைச் சுற்றிக்கொண்டே. “கேப்டன் வந்தாரு. எல்லாரும் பொழைச்சோம்னாரு. நான் அங்கேயே உக்காந்துட்டேன்.”

‘மனைவி, உள்ளறையிலிருந்து: சிரிப்பு.’

வீட்டில் எந்தச் சிரிப்பும் இல்லை. கம்பி உராயும் ஓசை மட்டும். உள்ளறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. அதற்குள் இருட்டு.

“என்னங்க” என்றாள்.

அவருக்குக் கேட்காது என்பது அவள் புத்திக்குத் தெரியும். டேப்லெட் எழுதும் என்றுதான் கூப்பிட்டாள். எழுதியது.

‘அறியாத குரல், வாசலில்.’

அவர் கை நின்றது. தலை நிமிர்ந்து அந்த வரியைப் படித்தார். “யாரோ வந்திருக்காங்க போல?” என்று உள்ளறைப் பக்கமாகக் கேட்டார்.

“நான்தாங்க. நான். திரும்பிப் பாருங்க.”

‘அறியாத குரல், வாசலில்.’ அவள் சொன்ன சொற்களை அது எழுதவில்லை. அதன் கீழே உடனே இன்னொரு வரி.

‘மனைவி, உள்ளறையிலிருந்து: யாரும் இல்லீங்க. வழி தவறி வந்தவங்க. திரும்பாதீங்க, கம்பி நழுவிடும்.’

“ஆமாமா” என்றார் அவர். மறுபடியும் குனிந்துகொண்டார்.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினால் போதும். அறை ஒன்றும் பெரிதில்லை. ஒரு காலை உள்ளே வைத்தாள்.

‘காலடி, உள்ளறை வாசலில்.’

நின்றாள். அந்தக் காலடி அவளுடையது அல்ல.

‘காலடி, முன்னறையில்.’

பாதிக் கதவு அசையவில்லை. தரையில் எந்த நிழலும் விழவில்லை. சோப்பு வாசனை மட்டும் அறை முழுக்கப் பரவியது. ஈரம். குளிர்.

‘மனைவி, அருகில்.’

கத்தினாள். முழுத் தொண்டையும் திறந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் சொல்லாத பெயர். அது முன்னறைச் சுவரில் மோதி எதிரொலித்தது. கீழே தெருவில் நாய் குரைத்தது.

‘நாய், தெருவில்’ என்று எழுதியது டேப்லெட்.

அவள் கத்தியதற்கு ஒரு வரியும் வரவில்லை.

‘மனைவி, மிக அருகில்: கை வலிக்குதா?’

“கொஞ்சம்” என்றார் சீஃப். குரலில் அப்படி ஒரு நிறைவு. கம்பியைக் கீழே வைத்தார். வார்னிஷ் படிந்த வலது கையைத் தோளுக்கு மேலே, பின்பக்கமாக, பார்க்காமலே நீட்டினார். காற்றில் நின்ற அந்தக் கையின் விரல்கள் மெல்ல விரிந்தன. பிறகு எதையோ பற்றி மூடின.

“என்ன இப்படி ஜில்லுனு இருக்க” என்றார்.

அவருடைய கட்டைவிரல் ஒன்றுமில்லாத இடத்தில் முன்னும் பின்னும் வருடிக்கொடுத்தது. மேசைவிளக்கின் வெளிச்சத்தில், வாசலில் நின்றிருந்தவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் புறங்கையின் சதை நான்கு இடத்தில் குழிந்தது. குழிந்த இடங்கள் வெளுத்தன. இன்னும் குழிந்தன.